பாங்காக் பயணியின் பை: கடைத்தெரு சொல்லும் வரலாறு

ஒரு நகரத்துக்குப் புறப்படுமுன் நாம் எல்லோரும் கேட்கும் கேள்விகள் மூன்று. எதை எடுத்துச் செல்வது? எதை உண்பது? எதை வாங்கி வருவது? பயணக் கையேடுகள் இவற்றுக்குப் பட்டியல் போட்டு விடை சொல்கின்றன. வரலாற்று நூல்களோ அரசர், போர், உடன்படிக்கை என்று போய்விடுகின்றன. கடைத்தெரு அவற்றின் கண்ணில் படுவதில்லை. பாங்காக் நகரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்து வைப்பது இரு தரப்புக்கும் நட்டம் என்பது நம் எண்ணம். அங்கே தட்டில் விழும் நூடுல்ஸுக்குப் பின்னால் ஓர் ஆட்சியின் கொள்கை இருக்கிறது. கோயில் வாசலில் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்வதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. தொன்மை என்று பயணிக்கு விற்கப்படுபவற்றுள் பல நம் பாட்டனார் காலத்தில் உருவானவை. உண்மையிலேயே பழையவை சில சந்துகளிலும் நடைபாதைகளிலும் இடம் இழந்துகொண்டிருக்கின்றன. இதை அறிந்து செல்பவருக்கும் அறியாமல் செல்பவருக்கும் செலவாகும் பணம் ஏறக்குறைய ஒன்றுதான். அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் வேறுபாடு.

1767இல் பர்மியப் படைகளிடம் அயுத்தயா வீழ்ந்தது. சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரி சிறிது காலம் தலைநகராக இருந்தது. 1782இல் முதலாம் இராமர் என்று பின்னர் அழைக்கப்பட்ட மன்னர் கிழக்குக் கரைக்குத் தலைநகரை மாற்றினார். அரண்மனை எழுப்பத் தேர்ந்த இடத்தில் அப்போது சீன வணிகர்கள் குடியிருந்தனர். அவர்களை மதிலுக்கு வெளியே தெற்கே நகரச் செய்தார்கள். அவர்கள் போய் அமர்ந்த இடமே சம்பெங். இன்றும் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோளை ஒடுக்கிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்தில் பொத்தான், நாடா, பாசிமணி, பொம்மை, காகிதப் பை எல்லாம் மொத்த விலையில் கிடைக்கின்றன. ஒன்று வாங்கினால் ஒரு விலை, டஜன் வாங்கினால் வேறு விலை. உறவினர் கூட்டத்துக்குச் சிறு பரிசுகள் வாங்க வேண்டியவர்கள் பளபளக்கும் பேரங்காடிகளை விட்டுவிட்டுக் காலையிலேயே இங்கே வந்துவிடுவது நல்லது. ஆக, பாங்காக்கின் முதல் கடைத்தெருவே ஓர் இடப்பெயர்ச்சியில் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்; இக்கதை பின்னும் வரும்.

முதலில் மூட்டை. அரண்மனை வளாகத்துக்கும் மரகத புத்தர் கோயிலுக்கும் செல்பவர்கள் தோளையும் முழங்காலையும் மறைத்திருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, உடல் தெரியும் மெல்லிய துணி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. கோயில்தோறும் காலணியைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் சப்பாத்து வேண்டாம், செருப்பு போதும். நம் ஊர்க் கோயில்கள் சிலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்; அங்கே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் இறைவன் முன் பணிவுதான். ஆனால் அங்குள்ள பணிவின் இலக்கணம் மாறி வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை சயாமில் மேலாடை அணியாமல் அரசவைக்கு வருவது வழக்கத்துக்கு மாறானதன்று. 1851இல் அரியணை ஏறிய நான்காம் இராமர் மோங்குட், அவைக்கு வருவோர் மேலாடை அணிய வேண்டும் என்று பணித்தார். ஐரோப்பியத் தூதர்கள் வந்துபோகத் தொடங்கிய காலம் அது. உடம்பு மூடாத மக்களை நாகரிகமற்றவர் என்று சொல்லி நாடு பிடிப்பவர்கள் அண்டையில் இருந்தார்கள். அவர் மகன் சூளாலங்கரணர் 1872இல் இந்தியாவுக்கு வந்தபோது கல்கத்தாவில் தைக்கப்பட்ட மூடிய கழுத்துச் சட்டை, 'ராஜ்' என்ற சொல்லையும் 'பேட்டர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் பெயர் பெற்று, சயாமிய அதிகாரிகளின் உடையாயிற்று. பின்னர், 1938 முதல் 1944 வரை ஆண்ட பிரதமர் பிபூன் சொங்க்ராம் ஆடைக்கும் ஆணை பிறப்பித்தார். பொதுவிடத்தில் தொப்பி அணிவது நாட்டுப்பற்று என்றும், வெற்றிலை மெல்வது நாட்டுக்கு இழுக்கு என்றும் ஆயின. கோயில் வாசலில் நம் முழங்காலைப் பார்க்கும் காவலர் சமயத்தின் காவலர் மட்டுமல்லர். இந்த நீண்ட அச்சத்தின் வாரிசும் ஆவார்.

மூட்டையில் வேறு என்ன? ஒரு துணிப்பை. 2020 தொடக்கத்திலிருந்து பெரிய கடைகள் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்திவிட்டன. ஒரு குடை, மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை சொல்லாமல் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும் என்பதால் நம்மவர்க்கு அதுவே ஏற்ற காலம். மின்சாரம் நமக்குப் பழகிய 220 வோல்ட்தான். ஆனால் நம் மூன்று முள் செருகி அங்கே பொருந்தாது, மாற்றுச் செருகி வேண்டும். மின்சிகரெட்டை எடுத்துச் செல்லவே கூடாது. 2014 முதல் அதன் இறக்குமதிக்குத் தடை உண்டு, பெட்டியில் அகப்பட்டால் வழக்கு. மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். பெட்டியைப் பாதி காலியாகவே கொண்டுபோகலாம்.

இனி உணவு. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. 1511இல் அவர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அவ்வாண்டே அவர்களுடைய தூதர் அயுத்தயாவுக்குப் போனார். மிளகாய் வந்தபோது நாம் அதற்கு மிளகின் பெயரை ஒட்டியே பெயரிட்டோம். சயாமியரும் அதையே செய்தார்கள். 'ப்ரிக்' என்றால் முன்பு மிளகு. புதிதாக வந்த காய் அப்பெயரை முழுதாகப் பறித்துக்கொள்ளவே, பழைய மிளகு 'ப்ரிக் தாய்', அதாவது 'தாய்லாந்து ப்ரிக்' என்று தன்னை அடையாளம் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மையில் தாய்லாந்து உணவு என்றவுடன் உலகம் நினைப்பது வந்தேறிய மிளகாயைத்தான். காரம் தாங்காதவர்கள் 'மை பெட்' என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். நம் நாக்கு காரத்துக்குப் பழகியது என்ற பெருமிதம் அங்குள்ள சிறு மிளகாயிடம் செல்லாது.

அந்தப் போர்த்துகீசியரை நாம் பறங்கியர் என்றோம். பாரசீகம் வழி வந்த அதே சொல் சயாமில் 'ஃபரங்' ஆயிற்று. நாம் ஒரு காய்க்குப் பறங்கிக்காய் என்று பெயர் வைத்தோம். அவர்கள் கொய்யாவை 'ஃபரங்' என்கிறார்கள். கடல் கடந்து வந்தவனின் பெயரைத் தின்னும் பொருளுக்குச் சூட்டும் குறும்பு இரு கரையிலும் ஒன்றே. தோன்புரிப் பக்கம் சாந்தா குரூஸ் தேவாலயத்தை ஒட்டிய குடி சீன் என்ற குடியிருப்பில் 'கனோம் ஃபரங்' என்ற சிறு கேக்கை இன்றும் சில வீடுகளில் சுடுகிறார்கள். வாத்து முட்டை, மாவு, சர்க்கரை, மேலே சிறிது உலர்பழம். அயுத்தயா வீழ்ந்தபின் வந்து சேர்ந்த போர்த்துகீசிய வழியினருக்கு 1769இல் தாக்சின் மன்னர் கொடுத்த நிலம் அது. முட்டை மஞ்சளைச் சர்க்கரைப் பாகில் நூலாக இழுத்துச் செய்யும் 'ஃபோய் தோங்' போன்ற பொன்னிற இனிப்புகளையும் போர்த்துகீசிய மரபுக்கே உரியவை என்பர். நாராய் மன்னரின் அவையில் செல்வாக்குடன் இருந்து 1688இல் கொல்லப்பட்ட கிரேக்கர் ஃபால்கனின் மனைவி மரியா கியோமார் பெயரோடு மக்கள் அவற்றை இணைத்துப் பேசுகிறார்கள். இன்று அவை திருமணத் தட்டில் வைக்கும் மங்கலப் பண்டங்கள். நாட்டுக்கு நினைவுப்பொருளாக ஓர் உணவுப் பண்டத்தை எடுத்துவர விரும்புவோர் விமான நிலையத்துப் பெட்டிகளைவிடக் குடி சீன் சந்தின் காகிதப் பொட்டலத்தை நாடலாம்.

எல்லோரும் கேட்கும் 'பாட் தாய்' பற்றி ஒரு சொல். அதன் முழுப்பெயர் 'குவைதியாவ் பாட் தாய்'. குவைதியாவ் என்பது தியோச்சூ சீனர் கொண்டுவந்த அரிசி நூடுல்ஸின் பெயர். 'தாய் முறையில் வதக்கிய சீன நூடுல்ஸ்' என்பதே பொருள். முன்பு சொன்ன பிபூன் காலத்தில்தான் இது தேசிய உணவாக வளர்ந்தது. 1939இல் நாட்டின் பெயரைச் சயாம் என்பதிலிருந்து தாய்லாந்து என்று மாற்றிய அரசு, சீனருடைய பள்ளிகளுக்கும் தொழில்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அதே அரசு, உலகப்போரும் 1942ஆம் ஆண்டு வெள்ளமும் நெருக்கிய வேளையில், மக்களை நூடுல்ஸ் உண்ணவும் தள்ளுவண்டியில் விற்கவும் ஊக்குவித்தது. சீனரை ஒடுக்கிக்கொண்டே சீன உணவுக்குத் தேசியப் பெயர் சூட்டிய முரண் அந்தத் தட்டில் இருக்கிறது. சுவைக்குக் குறையொன்றுமில்லை, புளி, வெல்லம், மீன்சாறு மூன்றும் கூடிய அதன் சுவை நமக்கு அயலாகத் தோன்றாது. தொன்மையைத் தேடி உண்பவர்கள் மட்டும் அதைத் தொன்மை என்று எண்ண வேண்டாம்.

மரக்கறி உண்பவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். 'காய்கறிக் குழம்பு' என்று கேட்டால் காய்கறி வரும். அதன் அரைத்த மசாலாவில் இறால் விழுதும், மேலே மீன்சாறும் இருக்கும். சமைப்பவர் ஏமாற்றுவதில்லை, அவற்றை அவர் உப்பைப் போன்ற சேர்மானமாகக் கருதுகிறார். இரு சொற்கள் உதவும். ஒன்று 'மங்சவிரத்'. மாம்சம், விரதி என்ற சொற்களைக் காது உடனே கண்டுகொள்ளும். புலாலை விலக்குதல் என்று பொருளானாலும், முட்டையும் சில இடங்களில் மீன்சாறும் இதற்குள் நுழைந்துவிடும். மற்றது 'ஜே'. சீன பௌத்த நோன்பிலிருந்து வந்த சொல் இது. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமன்றிப் பூண்டும் வெங்காயமும்கூட இதில் இல்லை. கடைவாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருக்கும். எழுத்து அறியாதவர்க்குத் தொலைவிலிருந்து 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து ஒன்பது நாள் நோன்பின்போது, பெரும்பாலும் அக்டோபரில், யாவரத் தெரு முழுதும் இக்கொடிகள் பறக்கும். புலால் உண்ணாதவர்கள் அந்நாட்களில் போனால் ஏங்க வேண்டியிராது.

உண்ணும் முறை எளிது. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குள் போவதில்லை. குச்சிகள் நூடுல்ஸுக்கே. கரண்டியும் முள்கரண்டியும் ஐரோப்பியத் தொடர்பால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரண்மனைக்கு வந்து பிறகு ஊருக்கு இறங்கியவை. அதற்குமுன் அங்கும் நம்மைப் போலக் கைதான். எங்கே உண்பது என்றால் உள்ளூர்க்காரர் கூடி நிற்கும் வண்டியில், நம் கண்முன் சுடச்சுட ஆக்கித் தரும் உணவை. ஆனால் அந்த வண்டிகள் எப்போதும் அங்கேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. 2014ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின் நடைபாதைகளைக் 'குடிமக்களுக்குத் திருப்பித் தரும்' முயற்சியில் பல தெருக்களில் வணிகர்கள் அகற்றப்பட்டார்கள். பாக் க்ளோங் தலாத் பூச்சந்தையின் நடைபாதைக் கடைகள் 2016இல் போயின. கூரைக்குக் கீழுள்ள சந்தையில் சாமந்தியும் தாமரையும் மல்லிகைச் சரமும் இப்போதும் இரவு பகலாகக் குவிகின்றன. 2017 இறுதியில் வெளியான மிஷலின் வழிகாட்டி தெருவோரக் கடை ஒன்றுக்கு நட்சத்திரம் கொடுத்தது. ஒரு கை நட்சத்திரம் தர, மறு கை வண்டியை நகர்த்திய காலம் அது.

இனி வாங்குதல். யாவரத்தின் சிவப்பு நிறத் தங்கக் கடைகளில் விலைப்பலகை கிராம் கணக்கில் இராது. பாட் கணக்கில் இருக்கும். பாட் என்பது நாணயத்தின் பெயர் ஆயிற்றே என்று மயங்க வேண்டாம். அது முதலில் எடையின் பெயர். அவ்வெடை வெள்ளியை உருட்டித் தோட்டா வடிவில் செய்த காசுகள் வழங்கின. 1860இல் மோங்குட் இயந்திரத்தில் அடித்த தட்டை நாணயங்களைக் கொண்டுவந்தார். தோட்டாக் காசு 1904இல் செல்லாததாயிற்று. எடைப்பெயர் மட்டும் தங்கக் கடையில் தங்கிவிட்டது. ஒரு பாட் நகைத் தங்கம் 15.16 கிராம். நம்மிடம் இதன் தலைகீழ் நிகழ்ந்தது: ஆங்கிலேயர் நாணயமாகிய பவுன் எட்டு கிராம் எடையின் பெயராயிற்று. அங்கே எடை காசாயிற்று. இங்கே காசு எடையாயிற்று. அங்குள்ள நகைத் தங்கம் 96.5 விழுக்காடு தூய்மையானது. நம் 22 காரட் தங்கம் 91.6 விழுக்காடு. விலையை ஒப்பிடுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, அரசு மாணிக்கக் கடைக்கு அழைத்துப் போகிறேன்' என்று வாசலில் ஒருவர் சொன்னால், அரண்மனை திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பட்டுக்கும் இதே நிதானம் தேவை. தாய்லாந்துப் பட்டு என்றதும் அமெரிக்கர் ஜிம் தாம்சன் பெயரைச் சொல்வார்கள். போருக்குப் பின் பாங்காக்கில் தங்கி, பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்று, 1967இல் மலேயாவின் கேமரன் மலையில் உலவப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய வீடு இன்று காட்சியகம். அவர் வீட்டுக்கு எதிரே, சேன் சேப் கால்வாயின் மறுகரையில் இருக்கிறது பான் குருவா. அங்குள்ள சாம் முஸ்லிம்களே அவருக்குத் தொடக்கத்தில் பட்டு நெய்து கொடுத்தவர்கள். முதலாம் இராமருக்காகப் போரிட்டு அந்நிலத்தைப் பெற்றவர்களின் வழியினர். 1980களின் இறுதியில் விரைவுச்சாலையின் கிளை ஒன்று தம் குடியிருப்பை அழிக்கும் என்று அறிந்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சாலை வரவில்லை, குடியிருப்பு நிற்கிறது. இன்று அங்கே தறிகள் மிகச் சில. காட்சியகத்தைப் பார்ப்போர் பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் ஒருமுறை போய்வரலாம். பட்டு வாங்கும்போது மயில் முத்திரையைத் தேட வேண்டும். பொன்மயில் முத்திரை, நாட்டுப் பட்டு நூலில் மரபு முறையில் கைத்தறியில் நெய்ததற்கு. பச்சைமயில், வேறு இழை கலந்ததற்கு. வெள்ளியும் நீலமும் இடைப்பட்டவை. முத்திரை இல்லாமல் மிகமலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர்.

சாதாரணத் துணிக்குப் பாஹுரத். குழந்தைப் பருவத்திலேயே இறந்த தம் மகள் பெயரால் ஐந்தாம் இராமர் அமைத்த சாலை அது. இந்தியச் சீக்கிய வணிகர்கள் அதைத் துணிச் சந்தையாக்கினார்கள். ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவோர்க்கும் அதுவே புகலிடம். எல்லாம் ஓரிடத்தில் வேண்டுவோர்க்குச் சனி, ஞாயிறுகளில் சதுசக். ஊர்தோறும் சந்தை வேண்டும் என்ற 1948ஆம் ஆண்டுக் கொள்கையின் பேரில் அரண்மனைத் திடலில் நடந்துவந்த வாரச்சந்தை, 1980களின் தொடக்கத்தில் வடக்கே இரயில்வே நிலத்துக்கு மாற்றப்பட்டது. 1782இல் சம்பெங்குக்கு நேர்ந்தது 200 ஆண்டு கழித்து இதற்கும் நேர்ந்தது. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும். பிடித்த பொருளை அப்போதே வாங்கிவிட வேண்டும், அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது அரிது. பேரம் உண்டு, குரல் உயர்த்தும் பேரம் இல்லை.

புத்தர் சிலை வாங்க எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். நுண்கலைத் துறையின் அனுமதியின்றிப் புத்தர் உருவங்களையும் தொல்பொருள்களையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விற்பவர் இதைச் சொல்லாமல் இருக்கலாம். சிலைக் கடைகள் நிறைந்த பம்ருங் முயாங் சாலையை வாங்காமலே நடந்து பார்க்கலாம். அதன் ஒரு முனையில் 1784இல் நிறுவப்பட்ட செந்நிறப் பேரூஞ்சல் நிற்கிறது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. இப்போதுள்ள தேக்குத் தூண்கள் 2007இல் புதிதாக நட்டவை. அருகிலுள்ள பிராமணர் கோயிலில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் சடங்கின் பெயர் 'திரியம்பாவை'. நம் திருவெம்பாவை அங்கே ஒலி திரிந்து, பொருள் மறந்து, மந்திரமாக எஞ்சியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்க முடியாத பொருள் ஒன்றைத் தமிழர் அந்தக் கடைத்தெருவின் முனையில் கண்டு வரலாம்.

மிதக்கும் சந்தையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. தம்னோன் சதுவாக், மோங்குட் ஆணையால் 1860களில் வெட்டப்பட்ட கால்வாய். நகரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சாலை வந்து படகு வணிகம் தளர்ந்தபின், சுற்றுலாவுக்காகவே பெரிதும் நிலைநிறுத்தப்பட்டது. படம் எடுக்க ஏற்ற இடம், பொருள் வாங்க அன்று. ஆற்றில் உண்மையாகவே பயணம் செய்ய வேண்டுமானால் நகரத்துக்குள்ளேயே ஆற்றுப் படகிலும், 1837இல் போர்த் தேவைக்காக வெட்டத் தொடங்கிய சேன் சேப் கால்வாய்ப் படகிலும் வேலைக்குப் போவோருடன் சேர்ந்து சில பாட் கொடுத்துப் போகலாம்.

அந்தக் கால்வாய்ப் படகு நிற்கும் கடைசித் துறைக்கு அருகே மகாகான் கோட்டை இருக்கிறது. அதன் மதிலோரம் பழைய மரவீடுகளில், பறவைக்கூண்டு முதலிய கைத்தொழில் அறிந்த ஒரு சமூகம் பல தலைமுறை வாழ்ந்தது. பூங்கா அமைக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் 1990களிலிருந்து அவர்களை அகற்ற முயன்றது. 2018 ஏப்ரலில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. இப்போது அங்கே புல்வெளி இருக்கிறது. பான் குருவா நின்றது, மகாகான் போயிற்று. பயணியால் இவற்றைத் தடுக்கவோ காக்கவோ இயலாது என்பது உண்மையே. ஆனால் ஓர் இடம் விலையுள்ளது என்று நகர நிர்வாகங்கள் எதை வைத்து முடிவு செய்கின்றன என்று பார்த்தால், வெளியூர்க்காரர் எங்கே நிற்கிறார், எங்கே செலவழிக்கிறார் என்பதும் அதில் ஒன்றாக இருக்கிறது. குடி சீனில் வாங்கும் கேக், சம்பெங்கில் வாங்கும் ஒரு டஜன் பாசிமணி, வண்டிக்காரரிடம் உண்ணும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் ஆகியவை பெரிய தொகை அல்ல. பேரங்காடியில் ஒரு கைப்பைக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு. பாதி காலியாக எடுத்துப்போகும் பெட்டியை நிரப்பும்போது, இந்தக் கணக்கையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்வோம்.